எட்டு முறை சொன்ன கதை

கதை சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே ஏட்டில் எழுதாத ஓர் ஒப்பந்தம் உண்டு. நேற்று நிறுத்திய இடத்திலிருந்து இன்று தொடர்ந்து சொல்லுவேன் என்பது ஒரு பக்கத்து வாக்கு. அவ்வாறு தொடருமாயின் நாளையும் வந்து அமர்வேன் என்பது மறுபக்கத்து வாக்கு. புராணப் பிரசங்கம் முதல் வாரப் பத்திரிகைத் தொடர்கதை வரையில் எல்லாம் இந்த ஒப்பந்தத்தின் மீதுதான் நடந்து வந்திருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இந்த ஒப்பந்தத்தை எட்டு வாரங்கள் தொடர்ந்து மீறிற்று. ஜூன் மாதத்தில் ஒரு கதையைச் சொன்னார்கள். மறு வாரம் அதே கதையை மீண்டும் சொன்னார்கள். அதற்கடுத்த வாரமும் அதுவே. ஆகஸ்டு வரையில் இவ்வாறே சென்றது. பார்த்தவர்களிற் பலர் கோபங்கொண்டனர். சிலர் இதுவே கலை என்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அவ்வழக்கின் தன்மை யாது, இரு தரப்பாரும் எதை இழந்தனர், எதைப் பெற்றனர் என்பதை இப்பேச்சில் ஆராய முற்படுகிறேன்.

நேயர்களே, ஜப்பானியர் தம் இயங்கு சித்திரப் படங்களை "அனிமே" என்று அழைக்கின்றனர். டெல்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ குடும்பம் நடத்தும் தமிழர் வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள் இரவு நேரத்தில் கைப்பேசியில் இவற்றைக் காண்பது இன்று சாதாரணக் காட்சி. பெற்றோருக்கு இது புதிய மோகமாகத் தோன்றலாம். ஆயினும் நாற்பது வயதைக் கடந்த நம்மில் பலர், அறியாமலே இதற்கு முன்னோடிகள் ஆவோம். 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் நாம் கண்டு களித்த மௌக்லியின் கதையாகிய "ஜங்கிள் புக்", ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் தயாரித்த தொடரே ஆகும். இந்திப் பாட்டைக் கேட்டு நாம் அதனை நம் நாட்டுச் சரக்கென்றே எண்ணியிருந்தோம்.

நாம் பேச எடுத்துக்கொண்ட தொடரின் பெயர் "சுசுமியா ஹருஹி நோ யூவுட்சு". "சுசுமியா ஹருஹியின் மனச்சோர்வு" என்று மொழிபெயர்க்கலாம். குடும்பப் பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் வைப்பது ஜப்பானிய மரபாதலால், ஹருஹி என்பதே பெண்ணின் பெயர். தனிகாவா நாகரு என்பவர் எழுதி, 2003-ஆம் ஆண்டில் கடோகாவா நிறுவனம் வெளியிட்ட இளைஞர் நாவல் ஒன்றிலிருந்து எழுந்தது இத்தொடர். படமாக்கியவர்கள் கியோட்டோ அனிமேஷன் என்னும் நிறுவனத்தார். இயக்கியவர் இஷிஹாரா தட்சுயா. முதல் பதினான்கு பகுதிகள் 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையில், நள்ளிரவு வேளைகளில், ஒளிபரப்பாயின.

கதையின் கரு விநோதமானது. ஹருஹி ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி, எதிலும் சலிப்புற்றவள். சாதாரண மனிதரிடம் தனக்கு அக்கறையில்லை என்றும், வேற்றுலகத்தாரோ எதிர்காலத்திலிருந்து வந்தவரோ அதீத மனோசக்தி படைத்தவரோ எவரேனும் இருந்தால் தன்னை வந்து காண வேண்டும் என்றும் வகுப்பில் முதல் நாளே அறிவிக்கிறாள். அத்தகையோரைத் தேடுவதற்கென்று ஒரு மாணவர் குழுவும் அமைக்கிறாள். வேடிக்கை என்னவெனில், அக்குழுவில் சேர்ந்த மூவரும் உண்மையிலேயே அத்தகையோர்தாம். அவளுக்கு மட்டும் அது தெரியாது. அதைவிடப் பெரிய இரகசியம் ஒன்றும் உண்டு: உலகைத் தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் ஆற்றல் அவளிடமே இருக்கிறது. அதையும் அவள் அறியாள். கியோன் என்னும் சாதாரண மாணவன் ஒருவன் இவற்றையெல்லாம் அலுப்போடும் நகைச்சுவையோடும் நமக்கு எடுத்துரைக்கிறான்.

2006-இலேயே இத்தொடர் கதை சொல்லும் முறையில் சோதனைகள் பல செய்தது. முதல் நாள் ஒளிபரப்பைக் கண்டவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். அன்று வந்தது கதையின் தொடக்கம் அன்று. அம்மாணவர்கள் பள்ளி விழாவுக்காகத் தாமே எடுத்த ஒரு சினிமாப் படம்! பயிற்சியில்லாத கைகள் எடுத்த படமாதலால் காமிரா ஆடுகிறது, நடிப்போ பரிதாபம். இவ்வளவையும் தேர்ந்த ஓவியர்கள் வேண்டுமென்றே, குறை ஒன்றும் குறையாமல் வரைந்து காட்டினர். நன்றாகப் பாடத் தெரிந்தவர் சுருதி தவறிப் பாடிக் காட்டுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இது. அதற்குப் பின் வந்த பகுதிகளும் கால வரிசைப்படி வரவில்லை. மூல நாவலின் கதையாகிய ஆறு பகுதிகளை 2, 3, 5, 10, 13, 14 ஆகிய வாரங்களில் சிதறி வைத்து, இடையிடையே பின்னால் நிகழ்ந்தவற்றைப் புகுத்தினர். அடுத்த வார அறிவிப்பில் ஹருஹி கதைக் கால வரிசைப்படி ஓர் எண்ணைச் சொல்லுவாள். கியோன் ஒளிபரப்பு வரிசைப்படி வேறோர் எண்ணைச் சொல்லித் திருத்துவான். கதையின் உச்சக் கட்டம் சரியாகப் பதினான்காம் வாரத்தில் வந்து விழுமாறு செய்த ஏற்பாடு இது. கால வரிசையில் கடைசியாகிய பகுதி ஒளிபரப்பில் ஒன்பதாவதாக வந்தது. அதில் ஒரு காட்சி: நகாதோ யூகி என்னும் பெண் குழு அறையில் தனியே அமர்ந்து புத்தகம் படிக்கிறாள். வெளியே எங்கோ மாணவர் குரல்கள் கேட்கின்றன. வேறொன்றும் நிகழவில்லை. நிமிடக் கணக்கில் இது நீடிக்கிறது. பின்னால் வரப்போகும் பெரிய சோதனைக்கு விதை அந்த அறையில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

இச்சோதனைகளை இரசிகர்கள் வரவேற்றனர். வரிசை மாறினாலும் ஒவ்வொரு வாரமும் புதிது ஒன்று கிடைத்ததல்லவா? புதிரைப் பிரித்துக் கோத்துப் பார்க்கும் இன்பமும் சேர்ந்தே கிடைத்தது. தொடர் பெரும் புகழ் அடைந்தது. அடுத்த பகுதிகள் எப்போது வரும் என்று மூன்றாண்டுகள் காத்திருந்தனர்.

2009 ஏப்ரலில் தொடர் மறு ஒளிபரப்புத் தொடங்கிற்று. இம்முறை நேரான கால வரிசையில், பழைய பதினான்குடன் புதிய பதினான்கும் கலந்து, மொத்தம் இருபத்தெட்டு. புதிய பகுதிகள் பழையவற்றின் இடையே அவ்வவற்றுக்குரிய இடத்தில் வந்து தோன்றின. நாவல் வரிசையில் நான்காம் நூலாகிய "மறைவு" என்னும் கதையையே பலர் ஆவலுடன் எதிர்நோக்கியிருந்தனர். ஆனால் புதிய பதினான்கில் ஒன்று தனிக்கதை. ஐந்து, மாணவர்கள் சினிமா எடுத்த கதை. எஞ்சிய எட்டும், அதாவது பாதிக்கும் மேல், "எண்ட்லெஸ் எய்ட்" என்னும் ஒரே கதை.

அந்தக் கதை என்ன? ஆகஸ்டு 17-ஆம் நாள். கோடை விடுமுறை முடிய இரண்டு வாரமே எஞ்சியுள்ளது. ஹருஹி தோழர்களைத் தொலைபேசியில் அழைக்கிறாள். நீச்சல் குளத்திற்குப் போகிறார்கள். கோடை உடை வாங்கி அணிந்து, முன்னோரை நினைவுகூரும் போன் திருவிழாவுக்குச் செல்கிறார்கள். சில்வண்டு பிடிக்கிறார்கள், தவளை வேடமணிந்து கூலி வேலை செய்கிறார்கள், விண்மீன் பார்க்கிறார்கள், வாணவேடிக்கை விடுகிறார்கள். பட்டியலில் உள்ள யாவும் முடிந்தபின், ஆகஸ்டு 30-ஆம் நாள் ஒரு சிற்றுண்டிச் சாலையில் கூடுகின்றனர். "எல்லாம் செய்தாயிற்று, நாளை ஓய்வு" என்னும் பொருள்படப் பேசி ஹருஹி எழுந்து போகிறாள். அவள் மனத்தில் மட்டும் ஏதோ குறை. அவளை அப்படியே போக விடக் கூடாது என்று கியோனுக்குத் தோன்றுகிறது. என்ன சொல்லி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. அவள் போய்விடுகிறாள். விடுமுறை முடிய அவள் உள்மனம் இசையாததால், 31-ஆம் நாள் நள்ளிரவில் காலம் திரும்பி மீண்டும் 17-ஆம் நாளாகிறது. எவருக்கும் நினைவில்லை.

முதல் வாரம் பார்த்தவருக்கு இது ஒரு சாதாரணக் கோடைக் கதை. இரண்டாம் வாரத்தில்தான் உண்மை வெளியாகிறது. அதை வெளியிடுபவள் வேற்றுலக சக்தி ஒன்று மனித வடிவில் படைத்தனுப்பிய நகாதோ. இது 15,498-ஆவது முறை என்கிறாள். ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம் என்று கணக்கிட்டால் 594 ஆண்டுகள்! ஒப்பு நோக்க வேண்டுமாயின், 2009-இலிருந்து 594 ஆண்டு பின்னோக்கினால் விஜயநகரத்தில் முதலாம் தேவராயர் ஆட்சி செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஒரு நுட்பமான சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். மூல நூலில் இக்கதை ஒரு சிறுகதைதான். கடைசிச் சுற்று ஒன்றை மட்டுமே அது சொல்லுகிறது. அந்தச் சுற்றின் எண் 15,498. ஆகவே நூலைப் படித்திருந்தவர்கள் இரண்டாம் வாரத்தில் அந்த எண்ணைக் கேட்டதும், இவ்வாரமே முடிந்துவிடும் என்று நம்பியிருப்பார்கள். முடியவில்லை. மூன்றாம் வாரம் நகாதோ சொன்ன எண் 15,499. பிறகு 15,513, 15,521, 15,524, 15,527. எட்டாம் வாரத்தில், 15,532-ஆவது சுற்றில்தான் விடிவு பிறந்தது. படித்தவர்களின் அறிவையே பொறியாக வைத்துப் பிடித்த சாமர்த்தியத்தை, அதன்மேல் கோபங்கொண்டவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோபத்திற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஜப்பானில் இத்தகைய நள்ளிரவுத் தொடர்கள் பெரும்பாலும் பின்னர் விற்கும் வட்டுகளின் வருவாயையே நம்பியிருந்தன, விலையோ அதிகம். ஒரே கதையை எட்டு முறை பார்ப்பதோடு, எட்டு முறையும் விலை கொடுத்து வாங்கவும் வேண்டுமா என்று இரசிகர் கேட்டதில் நியாயம் உண்டு. மூன்றாண்டு காத்திருந்தவனுக்கு ஓர் இலையில் எட்டு முறை சாதத்தையே படைத்துவிட்டுக் குழம்பு பின்னால் வரும் என்றால், அவன் எழுந்து போகாமல் என்ன செய்வான்? புதிய பகுதிகளுக்கென்று கிடைத்த பதினான்கு வாரங்களில் எட்டு போய்விட்டன. அவற்றில் வேறு கதைகள் வந்திருக்கலாம் என்ற ஏக்கம் இன்றும் சிலரிடம் உண்டு.

ஆனால் அன்று சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டும் அடியோடு தவறானது. "பழைய படச்சுருளையே திருப்பி ஓட்டினார்கள், சோம்பேறித்தனம்" என்பது அக்குற்றச்சாட்டு. நடந்தது இதற்கு நேர் எதிர். எட்டுப் பகுதிகளையும் எட்டு முறை புதிதாக வரைந்தனர். குரல் கொடுத்த நடிகர்கள் அதே வசனத்தை எட்டு முறை புதிதாகப் பேசிப் பதிவு செய்தனர். ஒவ்வொரு சுற்றிலும் உடைகள் வேறு. காமிரா வைத்த கோணம் வேறு. திருவிழாக் கடையில் நகாதோ வாங்கும் முகமூடி கூட வேறு. ஒரு வாரம் சிற்றுண்டிச் சாலைக் காட்சியை முகங்களின் அருகிலிருந்து காட்டுவர். மறு வாரம் தொலைவிலிருந்து. பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்த எண்ணியவர் இவ்வாறு செய்யார். ஒரே சுருளை எட்டு முறை ஓட்டியிருந்தால் செலவு எட்டில் ஒரு பங்காயிருக்கும். இதைத் தவறு எனலாம், பிடிவாதம் எனலாம், சோம்பல் எனல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அக்கறை உண்டு. அரசாங்க அலுவலகங்களின் ஆண்டறிக்கைகளை மொழிபெயர்ப்பவர் அறிவர்: சென்ற ஆண்டு வந்த வாக்கியமே இவ்வாண்டும் வரும், ஓர் எண் மட்டும் மாறியிருக்கும். பழையதைப் பார்த்து எழுதிவிடலாம் என்று எடுத்தால், சென்ற ஆண்டு நாமே எழுதிய தொடர் இன்று கண்ணுக்கு உவப்பாயிராது; ஒரு சொல்லை மாற்றுவோம்; பிறகு அதற்கேற்ப இன்னொன்று. மூலம் ஒன்றே, பிரதி ஒருபோதும் ஒன்றன்று. தலைப்பிலும் அத்தகைய ஒரு விளையாட்டு உண்டு. ஜப்பானிய மொழியில் மாதங்களுக்குத் தனிப் பெயர் சொல்லாமல் எண்ணிட்டே வழங்குவர். ஆகஸ்டு என்பது "எட்டாம் மாதம்". ஆகவே "முடிவில்லாத எட்டு" என்பது முடிவில்லாத ஆகஸ்டு என்றும் பொருள்படும். எட்டு என்னும் எண்ணைப் படுக்க வைத்தால் கணிதத்தில் முடிவிலியைக் குறிக்கும் அடையாளம். தொலைக்காட்சிக்காரர்கள் அதனை எட்டுப் பகுதிகளாகவும் ஆக்கினர். ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் எடுத்தாண்ட இத்தலைப்பைத் தமிழில் பெயர்த்தால் இவற்றில் இரண்டேனும் நழுவிவிடும்.

காலம் திரும்பத் திரும்ப வரும் கதைகள் புதியன அல்ல. ஜப்பானிலேயே 1984-இல் ஓஷி மமோரு இயக்கிய "பியூட்டிஃபுல் டிரீமர்" என்னும் படத்தில், பள்ளி விழாவுக்கு முந்திய நாள் முடிவின்றி மீண்டும் மீண்டும் வருகிறது. 1993-இல் அமெரிக்காவில் "கிரவுண்ட்ஹாக் டே" வந்தது. தமிழிலும் 2021-இல் "மாநாடு" இவ்வுத்தியைக் கையாண்டு வெற்றி பெற்றதை நேயர்கள் அறிவர். இத்தகைய கதைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு நாகரிகம் உண்டு. முதல் சுற்றை முழுமையாகக் காட்டுவர், இரண்டாவதைச் சுருக்குவர், பிறகு கதவு திறப்பது, மணி அடிப்பது, கார் நிற்பது என்று ஓரிரு அடையாளங்களால் நூறு சுற்றுகளைச் சில நிமிடங்களில் கடத்திவிடுவர். சிக்கிக்கொண்ட கதாநாயகனுக்கு நினைவு இருக்கும். அவன் தேறித் தேறி முன்னேறுவான். சலிப்பு என்பது அவனுடையது. நமக்கு அது ஒரு செய்தி மட்டுமே.

ஹருஹி தொடர் இந்த இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. சுருக்கவில்லை. மேலும், கதாநாயகனுக்கு நினைவும் இல்லை. எங்கோ கண்டது போன்ற மயக்கம் மட்டும் அவ்வப்போது தோன்றி மறையும். ஆகையால் அவன் தேறுவதும் இல்லை. நினைவு உள்ளவர்கள் இருவர்தாம்: கதைக்குள்ளே நகாதோ, கதைக்கு வெளியே நாம்.

நம் சங்கீதத்தில் வித்துவான் ஒரே அடியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வதை நேயர்கள் நினைக்கலாம். அங்கே நமக்குச் சலிப்பு வருவதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் இராகம் வளர்கிறது. இத்தொடரில் வளர்ச்சி இல்லை என்பதே பொருள். இரண்டும் திருப்பிச் சொல்லுதல்தான். ஒன்று நிறைப்பதற்காக, மற்றது வெறுமையைக் காட்டுவதற்காக.

நகாதோவின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவள் ஹருஹியைக் கவனித்து வர அனுப்பப்பட்டவள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கியோன் கேட்கிறான். கவனிப்பதே தன் பணி என்கிறாள். 15,532 முறை அதே திருவிழா, அதே நீச்சல் குளம், அதே சிற்றுண்டிச் சாலை. அவள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டுவதில்லை; காட்டும்படி அவளைப் படைக்கவுமில்லை. "அவள் மிகவும் களைத்தாள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு மறந்திருப்போம். எட்டு வாரம் உட்கார வைத்தார்கள். கோபம் வந்தது, அலுப்பு வந்தது, "இந்த வாரமாவது முடியாதா" என்ற ஏக்கம் வந்தது. கவனிக்கவேண்டியது நம் கடன், தலையிட நமக்கு வழியில்லை என்ற கையறு நிலை வந்தது. அவள் 15,532 முறை பட்டதில் எட்டை நாம் பட்டோம். அவ்வளவுதான் வேறுபாடு. நிஜமான ஜப்பானியக் கோடையில், நிஜமான ஆகஸ்டில், பார்ப்பவரின் விடுமுறையும் கூடவே கரைந்துகொண்டிருந்தது.

சிற்றுண்டிச் சாலைக் காட்சி இப்படித்தான் வலுப்பெறுகிறது. முதல் வாரம் அது வெறும் விடைபெறுதல். நான்காம் வாரம் ஹருஹி எழுந்திருக்கும்போது நம் உள்ளம் பதறுகிறது. ஆறாம் வாரம் கியோனைப் பார்த்து நாமே கத்த வேண்டும் போலிருக்கிறது. காட்சி மாறவில்லை, மாறியவர் நாம். எட்டாம் வாரத்தில் அவன் கத்தியேவிடுகிறான். கத்துவது என்ன தெரியுமா? தன் விடுமுறைப் பாடம் இன்னும் முடியவில்லை என்று! வடமாநிலப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு "ஹாலிடே ஹோம்வர்க்" என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். எல்லாரும் தன் வீட்டில் கூடிப் பாடம் எழுதுவோம் என்கிறான். ஹருஹி தன் பாடங்களை எப்போதோ முடித்தவள். எனினும் வருகிறாள். பெரிய கேளிக்கைகளின் பட்டியலில் இல்லாத ஒன்று, தோழர்களோடு தரையில் அமர்ந்து பாடம் எழுதுவது, அவளுக்கு அதுவரை கிட்டியதில்லை. மறு நாள் செப்டம்பர் பிறக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், எட்டும் வேண்டியதுதானா என்று கேட்டால், என் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லுவேன்: வேண்டியதில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் தனித்து எடுத்துப் பார்த்தால் தம் இருப்புக்குக் காரணம் காட்ட முடியாதவை. ஆறு வாரத்தில் முடித்திருந்தாலும் சலிப்பு நமக்குள் இறங்கியிருக்கும். ஆனால் மூன்றில் முடித்திருந்தால், "உத்தி நன்றாயிருந்தது" என்று பாராட்டிவிட்டு எழுந்திருப்போம். அது நகாதோவின் அனுபவம் ஆகியிராது. எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் இல்லாத சோதனை இது. ஒரு படைப்பாளி நம் பொறுமையைக் கடன் கேட்கலாம். வட்டுக்கு விலையும் வாங்கிக்கொண்டு அதைக் கேட்டதுதான் உறுத்துகிறது. அறிஞர் உலகிலும் இதற்கு வக்கீல்கள் தோன்றினர். டோக்கியோப் பல்கலைக்கழகத்து அழகியல் பேராசிரியர் மியூரா தொஷிஹிகோ 2018-இல் இந்த எட்டுப் பகுதிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அத்துணை நீண்ட வாதத்துக்கு இடம் தருவது வெறும் பிழையாக இருக்க முடியாது என்று எண்ணுவோரும் உண்டு. பிழைகளைப் பற்றியும் நல்ல நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை நான் நினைவூட்டுவேன்.

எனினும் தயாரிப்பாளர் தரப்பில் ஒரு சாட்சி பின்னால் வந்து சேர்ந்தது. இரசிகர் எதிர்நோக்கிய "மறைவு" கதை, 2010 பிப்ரவரியில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட திரைப்படமாக வெளியாயிற்று. இஷிஹாராவுடன் தகேமோட்டோ யசுஹிரோ இணைந்து இயக்கினார். டிசம்பர் மாதத்து ஒரு காலையில் கியோன் கண்விழிக்கிறான், உலகம் மாறிவிட்டிருக்கிறது. ஹருஹி பள்ளியில் இல்லை. நகாதோ வேற்றுலகப் படைப்பு அல்லள். கூச்சம் மிகுந்த சாதாரணப் பெண். மாற்றியது யார் என்பதைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க இயலாது; படம் பார்க்க எண்ணியிருப்போர் மன்னிக்க. மாற்றியவள் நகாதோவே. அவளுக்குள் மெல்ல மெல்லச் சேர்ந்துபோன பிழைகளே காரணம் என்று படம் சொல்லுகிறது. நூல் வரிசையில் மறைவுக் கதை நான்காம் நூல். ஆகஸ்டுக் கதை ஐந்தாவதில் வருவது. ஆகவே நூலாகப் படித்தவர், நகாதோவின் களைப்பை அறியாமலே அவள் செய்கையைக் கண்டனர். தொலைக்காட்சி இரசிகரோ, அந்த 595 ஆண்டில் எட்டு வாரத்தைத் தாமே சுமந்துவிட்டு வந்து திரையரங்கில் அமர்ந்தனர். அவள் ஏன் செய்தாள் என்று எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வாரத்தைச் சபித்தவர்களுங்கூட அப்படத்தைப் போற்றினர்.

இத்தொடரைப் பற்றிப் பேசும்போது ஒரு துயரத்தைக் குறிப்பிடாமல் செல்லுதல் இயலாது. 2019 ஜூலை 18-ஆம் நாள் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடம் ஒன்றில் ஒருவன் தீ வைத்தான். முப்பத்தாறு பேர் மாண்டனர். தகேமோட்டோவும் அவர்களுள் ஒருவர். அதன் பின், ஒரே சிற்றுண்டிச் சாலையை, ஒரே நீச்சல் குளத்தை எட்டு முறை புதிதாக வரைந்த அந்த உழைப்பைப் பார்க்கும் பார்வை என்னளவில் மாறிவிட்டது. தவளை வேடத்தின் மடிப்பு, கோடை உடையின் பூ வேலை என்று கண் தங்காமல் கடந்து சென்றவற்றில் இப்போது கண் தங்குகிறது.

இன்று புதிதாகப் பார்க்க விரும்புவோருக்கு ஓரிரு குறிப்புகள். முதல் பதினான்கை 2006-இன் கலைந்த வரிசையில் பார்ப்பதே நலம்; நேர் வரிசையில் அதன் உச்சக் கட்டம் ஆறாம் பகுதியிலேயே வந்து தீர்ந்துவிடுகிறது. எட்டுப் பகுதிகளையும் ஒரே இரவில் தொடர்ந்து பார்ப்பது ஒரு வகைத் தண்டனையே தவிர, அவர்கள் எண்ணிய அனுபவம் அன்று. வாரம் ஒன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாதவர், நாள் ஒன்றாகவாவது பார்க்கலாம். அதுவும் இயலாதெனில் முதலாவது, இரண்டாவது, நடுவில் ஏதேனும் இரண்டு, பிறகு எட்டாவது என்று ஐந்தேனும் பாருங்கள். திரைப்படத்தை மட்டும் அவற்றுக்குப் பின்னரே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருந்தால், எத்தனையாவது வாரத்தில் அவர்களுக்குக் கோபம் வந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு எப்போது வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.